காரின் வயதும் டொலறசின் இருபத்தொன்றும்

இயேசு மரி சூசை

கோலியர்ஸ் வுட், லண்டன்
8 யூன் 2026, திங்கட்கிழமை

மதிப்பும் பாசமும் மிகுந்த மச்சான் கஸ்பர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை டொலறசின் கணவன் றெஜினோல்ட் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம், ரொறொன்ரோவில் நீங்களும் கிளறிற்றா அக்காவும் நலமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியே பொய்யாக இருந்தால் மிச்சத்தை யார் நம்பப்போகிறார்கள் என்று நிறுத்திவிட்டேன். டொலறஸ் நலம். மகள் பிறேமினி நலம். நான் நலமில்லை. நீங்கள் விட்டுப்போன கார் என்னைவிட நலமில்லை.

இதைப் போனில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டேன் மச்சான். மூன்று முறை கேட்டேன். "கார் எந்த வருஷம் செய்தனீங்கள்?" என்று நான் தொண்டை கிழியக் கத்த, "ஓம் ஓம், இப்பவும் நல்லா ஓடும்" என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் காதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, ஆனால் அடுத்த நிமிஷம் போன் கிளறிற்றா அக்காவின் கைக்குப் போய்விடுகிறது, அவ தன் முழங்காலுக்குப் போட்ட ஊசியின் கதையை முதலிலிருந்து தொடங்கிவிடுகிறா. வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். பதிலாக அந்தோனியாரின் படமும் "இன்றைய நாள் ஆசீர்வாதமாக அமையட்டும்" என்ற வாக்கியமும் வந்தன. ஆசீர்வாதத்துக்கு நன்றி. அன்றைய நாள் அப்படி அமையவில்லை. அதனால்தான் கையால் எழுதுகிறேன். பிறேமினி இதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பிள்ளைக்குத் தமிழ் படிப்பிக்காமல் விட்டோமே என்று இத்தனை நாள் கவலைப்பட்டேன், இந்தக் கடிதத்தை எழுதும்போதுதான் அதிலும் ஒரு நன்மை இருப்பது தெரிகிறது.

தொண்ணூற்றிரண்டில் நீங்கள் கனடாவுக்குப் போகும்போது, "றெஜி, ரெண்டு கிழமைக்கு இதைப் பாத்துக்கொள்ளும்" என்று கார்ச் சாவியை, இந்தத் திறப்பைக் கையில் வைத்தீர்கள். அந்த இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை. கம்பனி செய்த முழுக் கார் என்றால் ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். இது நீங்கள் கட்டிய கிட் கார். பழைய பீட்டில் ஒன்றை வாங்கி, அதன் உடம்பைக் கழற்றி எறிந்து, பெட்டியில் துண்டு துண்டாக வந்த பைபர்கிளாஸ் உடம்பை அதன் சட்டத்தில் பூட்டி, குறைந்த சாமான்களை எல்லாம் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கிப் போட்டு முடித்தது. இந்த நாட்டுக் கார்களின் நம்பரைப் பார்த்தால் அது எந்த வருஷத்தது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். உங்கள் காருக்குக் கொடுத்திருப்பது கியூ என்ற எழுத்து. இதற்கு வயது என்னவென்று எங்களுக்குத் தெரியாது என்று அரசாங்கமே கையை விரித்துவிட்டு ஒட்டுகிற எழுத்து அது. முப்பத்துநாலு வருஷமாக அந்தக் கியூ எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள கராஜில் நிம்மதியாகத் தூங்கியது. நானும் அதை எழுப்பவில்லை. டொலறஸ் மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் ஒரு கோப்பைத் தேநீரை எடுத்துக்கொண்டு போய் அந்தக் காரின் சாரதி இருக்கையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாள். அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. செபமாலை சொல்கிறாளாக்கும் என்று நான் தொந்தரவு செய்வதில்லை.

இப்போது அந்தக் கராஜ் வரிசையை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். வருகிற சனிக்கிழமை, பதின்மூன்றாம் தேதிக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். எங்கள் வீட்டு வாசலுக்கும் றோட்டுக்கும் நடுவில் ஒரு குப்பைத் தொட்டி நிற்கத்தான் இடம் இருக்கிறது, அதுவும் ஒருச்சாய்ந்துதான் நிற்கும். காரை றோட்டில் விட்டால் அதற்கு வரி, லண்டனுக்குள் கொஞ்சம் அரக்கி ஓட்டினாலும் புகைக் கட்டணம். ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய கார் என்றால் இரண்டும் இல்லை. மனுசருக்கு நாற்பது தாண்டினால் வேலை நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடமாட்டார்கள், காருக்கு மட்டும் இந்த நாடு அவ்வளவு மரியாதை கொடுக்கிறது. கணக்கு என்னவென்றால், எண்பத்தைந்தாம் ஆண்டு முடியுமுன் கட்டிய கார் என்று நிரூபித்தால் தப்பும். ஒரு நாள் பிந்தினாலும் தப்பாது.

எனக்கு இந்த நிரூபிக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்று பட்டது. சனிக்கிழமைக்கு ஒரு பழைய கார் எடுக்கிற லொறிக்காரனுக்குச் சொல்லிவிட்டு வந்து, குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்ற டொலறசிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"குடுங்கோ. என்னையும் அதிலை ஏத்தி விடுங்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அது வெங்காயத்தாலா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கலியாணம் கட்டி முப்பத்தாறு வருஷத்தில் என்னிடம் ஒரு சங்கிலி கேட்டதில்லை, ஒரு பயணம் கேட்டதில்லை. வருஷா வருஷம் யூன் பதின்மூன்று, அந்தோனியார் திருநாளில், புனிதருக்கென்று ஒரு கேக் வாங்கி வெட்டுவாள், அதைத் தவிர அவளுக்கென்று ஒரு ஆசை நான் கண்டதில்லை. லொறி வருவதும் அதே யூன் பதின்மூன்றுதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தக் காருக்கு வயது கண்டுபிடித்தே தீருவது என்று. என் கஷ்டகாலம் அங்கேதான் தொடங்கியது.

விம்பிள்டன் பிள்ளையார் கோயிலடியில் பத்ரிநாராயணன் என்று ஒருவர் இருக்கிறார். தமிழ்நாட்டுக்காரர், வங்கியில் கம்பியூட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிட் கார் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் கார்களுக்கு வயது சொல்லிக் கடிதம் கொடுப்பவர். அவர் வருவதற்கு முன் காரை வெளிச்சத்துக்குக் கொண்டுவர எங்கள் பங்குப் பாடகர் குழுவைக் கூப்பிட்டேன். பாடகர் குழுத் தலைவர் ஜெரோசன் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று தாளம் கொடுக்க எல்லாரும் தள்ளினார்கள், நான் உள்ளே இருந்து ஸ்டியரிங் பிடித்தேன். கார் வெளியே வந்தது. நல்லது. கார் நிற்க வேண்டும் என்ற இடத்தில் நான் பிரேக்கை மிதித்தேன். பிரேக் காலோடு கீழே போனது, கார் தன் பாட்டுக்குப் போனது, போய் அயல்வீட்டு வேலிச் செடிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. அந்த வேலி அவர்கள் இருபது வருஷம் வளர்த்து முயல் வடிவில் வெட்டி வைத்திருந்த வேலி. இப்போது அதில் முயல் இல்லை. பத்ரி சார் வந்து சேர்ந்தபோது நான் செடிக்குள் இருந்தபடிதான் அவருக்கு வணக்கம் சொன்னேன்.

அவர் பூதக்கண்ணாடி, டோர்ச், சின்னக் கண்ணாடி ஒன்று என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். டொக்டர்கூட என்னை அப்படிப் பரிசோதித்ததில்லை. காரின் அடிச்சட்டம் அறுபத்தெட்டாம் ஆண்டாம். என்ஜின் எழுபத்திரண்டு. முன் கண்ணாடியின் மூலையிலுள்ள புள்ளிகளை எண்ணிப் பார்த்து எழுபத்தொன்பது என்றார். பின் விளக்கு வேறொரு காரினது, எண்பத்தொன்று. சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருந்த துணித்துண்டில் எண்பத்துமூன்று. எந்த வருஷம் என்று ஒரு வார்த்தையில் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"சார், இது ஒரு வண்டி இல்ல, கூட்டுக் குடும்பம்" என்றார். "சீட் பெல்ட் எண்பத்துமூணுன்னா அதுக்கு முன்னாடி இந்த வண்டி பொறந்திருக்க முடியாது. அதுக்கப்புறம் எப்ப வேணா பொறந்திருக்கலாம். எண்பத்தஞ்சு முடியறதுக்குள்ளன்னு எனக்கு ஒரு ஆதாரம் குடுங்க, நான் எழுதித் தர்றேன்."

போகும்போது இன்னொன்றும் சொன்னார். பைபர்கிளாஸ் பூசுகிறவர்கள் அது காய்வதற்கு முன் கண்ணில் படாத ஒரு இடத்தில் எதையாவது எழுதி வைப்பதுண்டாம், தேடிப் பார்க்கச் சொன்னார். எங்கள் ஆட்களைத் தெரியாதா மச்சான்? கிணற்றுக் கட்டோ மதில் தூணோ, சீமெந்து ஈரமாகக் கிடக்கக் கண்டால் ஆணியைத் தேடிக்கொண்டு ஓடுகிறவர்கள் நாங்கள். பெயரும் வருஷமும் கீறாமல் ஒரு வாசற்படி எங்கள் ஊரில் காய்ந்ததில்லை. நீங்களும் கட்டாயம் கீறியிருப்பீர்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த நாள் காலை இருக்கைகளைக் கழற்றி, தலையைக் கீழேயும் காலைக் கதவுக்கு வெளியேயும் விட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் புகுந்தேன். புகுந்தது சுகம், வெளியே வர முடியவில்லை. சட்டைப் பொத்தான் எதிலோ மாட்டிக்கொண்டது. அந்த வழியால் நாயோடு போன ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்துவிட்டு அம்புலன்சைக் கூப்பிடட்டா என்று கேட்டா. வேண்டாம், ஜெரோசனைக் கூப்பிடுங்கள் என்றேன். அவவுக்கு ஜெரோசனைத் தெரியாது. நாய் என் சப்பாத்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு போனது. ஆனால் மச்சான், அந்த நிலையில், மூக்கு நிலத்தில் முட்ட, ஒட்டியிருந்த கம்பளத்தைக் கிழித்தபோது, சாரதி இருக்கைக்கு நேர் கீழே உங்கள் கையெழுத்தைக் கண்டேன்.

முதலில் ஒரு சிலுவை. அதன் கீழே, "டொலறஸ் 21". அவ்வளவுதான்.

மச்சான், உங்களை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். சிலுவை கீறினீர்கள். பெயரை ஒரு எழுத்துக் குறையாமல் எழுதினீர்கள். வயதை எழுதினீர்கள். இன்னும் நாலே நாலு இலக்கம் எழுதுவதற்குள் ஆணி தேய்ந்துவிட்டதா? உலகத்தில் எல்லாரும் வருஷத்தை எழுதிவிட்டு வயதை விடுவார்கள், நீங்கள் ஒருவர்தான் வயதை எழுதிவிட்டு வருஷத்தை விட்டிருக்கிறீர்கள்.

சரி, கணக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இருபத்தொன்று என்றால் இருபத்தோராவது பிறந்தநாள், இனி வீட்டுச் சாவி உனக்கும் என்று எங்கள் ஆட்கள் திறப்பு வடிவில் கேக் செய்து வெட்டுகிற பிறந்தநாள். தங்கையின் இருபத்தொன்றுக்கு அண்ணன் காரைக் கட்டி முடித்திருக்கிறார், எவ்வளவு பாசம் என்று கண் கலங்கினேன். டொலறஸ் பிறந்தது அறுபத்தாறு மார்ச் பன்னிரண்டு. அறுபத்தாறோடு இருபத்தொன்று. விரலில் கூட்டினேன், கல்குலேட்டரில் கூட்டினேன், பிறேமினியையும் கூட்டச் சொன்னேன். யார் கூட்டினாலும் எண்பத்தேழுதான் வந்தது. இரண்டு வருஷம் பிந்திவிட்டது. நான் கராஜுக்குள் போய்ப் பெயின்ற் வாளி ஒன்றின் மேல் இருந்து அழுதேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை. காருக்காக அழவில்லை. ஒரே ஒரு முறை ஒன்றைக் கேட்ட மனுசிக்கு அதைக் கொடுக்க முடியவில்லையே என்றுதான் அழுதேன்.

கடைசி முயற்சியாக டொலறசின் பழைய பட அல்பத்தை எடுத்துக்கொண்டு அந்த வாளிக்கே திரும்பி வந்தேன். இருபத்தோராவது பிறந்தநாள் படத்தில் ஒரு மூலையிலாவது கார் நிற்காதா என்ற ஆசை. படம் இருந்தது. கார் இல்லை, காரின் ஒரு சில்லுகூட இல்லை. தோட்டத்தில் ஒரு மேசை, திறப்பு வடிவக் கேக், அதன் மேல் கொட்டை எழுத்தில் 21, கத்தியைப் பிடித்தபடி ஒல்லியாக டொலறஸ், அவள் கையைப் பிடித்தபடி மாமி. பக்கத்தில் நீங்கள், விரல் நகமெல்லாம் பைபர்கிளாஸ் பிசினோடு. அல்பத்தை மூடப் போனவன் மூடாமல் மாமியைத் திரும்பப் பார்த்தேன். மாமி, உங்கள் தாயார், எங்கள் டொலறசைப் பெற்ற புண்ணியவதி, காலமானது எண்பத்தைந்து நவம்பரில். எனக்கு நல்ல நினைவு. போன நவம்பரில் நாற்பதாவது ஆண்டுப் பூசைக்கு ஒழுங்கு செய்தவனே நான்தான், இரண்டாம் வாசகம் வாசித்ததும் நான்தான். எண்பத்தைந்தில் காலமானவ எண்பத்தேழில் வந்து எப்படிக் கேக் வெட்டினா? உயிர்த்தெழுந்தவர் ஒருவர்தான் என்று ஞாயிறுதோறும் நின்று அறிக்கையிடுகிறோம். இரண்டாவது ஆளாக மாமியைச் சேர்க்கப் பாதர் சம்மதிக்கமாட்டார். இன்னும் பார்த்தேன். எல்லாரும் அரைக்கைச் சட்டை. பின்னால் றோசாப்பூ. லண்டனில் மார்ச் மாதம் அரைக்கைச் சட்டையோடு தோட்டத்தில் நின்றவன் எவனும் படம் பிடிக்கிறவரை உயிரோடு இருந்திருக்கமாட்டான்.

பெயின்ற் வாளியில் இருந்தபடியே எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. எண்பத்துமூன்று யூலைக் கலவரத்துக்குப் பிறகு மாமியையும் டொலறசையும் நீங்கள் இங்கே கூப்பிட்டீர்கள். பதினெட்டுக்குக் கீழே என்றால்தான் மகளும் தாயோடு வரலாம் என்று இருந்திருக்கும். ஊரிலிருந்து புறப்படும் முன்பே யாரோ ஒரு பேனாவால் டொலறசின் வயதில் கொஞ்சம் கழித்திருக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவேமாட்டேன். அந்த நேரம் உயிரோடு வந்து சேர்வதுதான் கணக்கு, மற்றக் கணக்கெல்லாம் பிறகு. ஆனால் மச்சான், தொண்ணூறில் சேர்ச் மண்டபத்தில் என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், "பொம்பிளைக்கு இருபத்துநாலு, உமக்கு நல்லாப் பொருந்தும்" என்று சொன்னது நீங்கள்தானே? என்னிடமுமா கழிக்க வேண்டும்? நான் என்ன விசா கொடுக்கிற அதிகாரியா? எப்படிக் கூட்டினாலும் எப்படிக் கழித்தாலும், எண்பத்தைந்து நவம்பருக்கு முன் இருபத்தொன்று முடித்த பெண், அறுபத்துநாலு டிசம்பரில் பிறந்த என்னைவிட மூத்தவள்.

இனி நான் சொல்லப்போவதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. போன மார்ச்சில் டொலறசின் அறுபதாவது பிறந்தநாளை மண்டபம் எடுத்துக் கொண்டாடினோம். நீங்கள்தான் வரவில்லை. நான் மைக்கைப் பிடித்து ஒரு பேச்சுப் பேசினேன். "அறுபதிலேயே இவவுக்கு முழங்கால் நோகுதாம், நான் இவவுக்கு மூத்தவன், என்னைப் பாருங்கோ, மான்குட்டி மாதிரி நிக்கிறன்" என்றேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. டொலறசும் சிரித்தாள். மிச்சம் என்ற பக்கத்து ஊரிலுள்ள முதியோர் இல்லத்தில் இன்றைக்கும் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு வந்து கதிரையில் சாய்கிறவளிடம், இந்த வயதில் என்ன களைப்பு என்று எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். ஒரு தரமாவது, இது அந்த வயதுக் களைப்பில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம்தானே. சொல்லவில்லை. சிரித்துவிட்டு எழும்பிப் போய்ச் சோறு போட்டாள்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். டொலறசின் உண்மையான வயதைச் சொன்னால் கார் தப்பும். ஆனால் அவளுடைய பாஸ்போட், வேலை, பென்ஷன், எல்லாவற்றிலும் அறுபத்தாறு என்று இருக்கிறது. இருபத்தொன்றுக்கு ஆதாரமாகப் பத்ரி சார் அவளுடைய பிறந்த தேதியைக் கேட்பார். காரைச் சட்டப்படி ஆக்குவதென்றால் மனுசியைச் சட்டவிரோதம் ஆக்க வேண்டும். மனுசியைச் சட்டப்படி வைத்திருப்பதென்றால் கார் சனிக்கிழமை லொறியில் ஏறும், கூட அவளும் ஏறுவாளாம். இரண்டும் ஒன்றாகத் தப்புகிற வழி எனக்குத் தெரியவில்லை. பத்ரி சாரோ, எழுத்து இருக்கிற அந்தத் தரைத் துண்டை வெட்டி எடுத்துவந்தால் சங்கத்தில் காட்டலாம் என்கிறார். வெள்ளிக்கிழமை வெட்டுவதற்கு ஜெரோசனிடம் மரம் அறுக்கிற வாள் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். டொலறசிடம் நேரே கேட்கலாம் என்பீர்கள். இரண்டு நாளாக வாயைத் திறக்கிறேன், தேத்தண்ணி போடட்டா என்றுதான் வெளியே வருகிறது. இதுவரை பதினேழு தேத்தண்ணி போட்டுவிட்டேன். எனக்குச் சீனி வருத்தம் கூடிவிட்டதோ என்று என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறாள்.

ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கண்டதும் ஒரே ஒரு எண் அனுப்புங்கள். டொலறஸ் பிறந்த வருஷம். படம் வேண்டாம், ஆசீர்வாதம் வேண்டாம், கட்டைவிரல் வேண்டாம். நாலு இலக்கம். அன்றைக்கு ஆணியால் எழுதாமல் விட்ட அந்த நாலையும் இன்றைக்கு விரலால் எழுதுங்கள். அத்தோடு, இது வேறு யாருக்குத் தெரியும் என்பதையும் எழுதுங்கள். ஊருக்கே தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாதா?

மடுமாதா உங்கள் இருவரையும் காக்கவும், உங்கள் செவி திறக்கவும், கிளறிற்றா அக்கா முழங்காலை மடித்து முழந்தாளிடவும் மன்றாடுகிறேன். டொலறசும் பிறேமினியும் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். உண்மையில் அவர்களுக்கு நான் எழுதுவதே இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் தங்கைக்கு இளையவனாகிப்போன கணவன்,
றெஜினோல்ட்

பி.கு.: மேலே எழுதிய எதற்கும் பதில் போட வேண்டாம். கடித உறை தேடிப் போய், படமாக அனுப்ப உறை தேவையில்லை என்று நினைவு வந்து, நான் திரும்பி வருவதற்குள் டொலறஸ் கடிதத்தை வாசித்துக்கொண்டு நின்றாள். என்னை விட்டால் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் அவள்தான் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நின்றபடி வாசித்தவள் மாமியின் இடம் வந்ததும் கதிரையில் இருந்தாள். முழங்கால் வந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தாள். வாசித்து முடித்து, எண்பத்துநாலு யூன் பதின்மூன்று என்றாள். அன்றைக்குத்தான் இருபத்தொன்று. அது விளங்க எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. யூன் பதின்மூன்று. முப்பத்தைந்து வருஷமாக ஒரு மனுசியின் பிறந்தநாள் கேக்கைப் புனிதரின் பெயரில் தின்றுவிட்டு, அடுத்த முறை முந்திரிகை கூடப் போடலாம் என்று குறையும் சொல்லியிருக்கிறேன்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் நேர்மையான மனுசன், கேள்விப்பட்டால் எல்லா இடத்திலும் போய்த் திருத்த வேண்டும் என்று நின்றிருப்பேனாம். அது சரிதான். பிறகு மேசையில் கிடந்த வாளைப் பார்த்தாள்.

"இந்த நாட்டிலை என்ர உண்மையான வயசு எழுதிக் கிடக்கிறது அந்த ஒரு இடத்திலைதான். அதையும் வெட்டிக்கொண்டு போய் ஒப்பீசிலை குடுக்கப் போறியளோ?"

அப்போதுதான் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேநீர் விளங்கியது. வாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பத்ரி சாருக்குப் போன் எடுத்து, காரின் வயது தெரியவில்லை, தெரியவும் வராது என்று சொன்னேன். அவர் தன் மருமகன் ராம்கிக்கு லண்டன் எல்லைக்கு வெளியே எப்சத்தில் ஒரு வெறும் கராஜ் இருப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை அதே லொறி வரும், காரை அங்கே கொண்டுபோய் வைக்கும். டொலறஸ் தானும் ஏறத்தான் போகிறேன் என்று நிற்கிறாள், லொறிக்காரனுக்குப் பக்கத்தில், மடியில் கேக்கோடு. இனி ஞாயிறுகளில் தேநீரைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு ரயிலில் போக வேண்டியதுதான், நானும் கூடப் போவேன். தான் ஒன்றரை வயது மூத்தவள் என்பதால், இனிமேல் அவளை நீர் என்று சொல்லாமல் நீங்கள் என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டுமாம். பழகிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பார்த்தவுடன் போனிலிருந்து அழித்துவிடுங்கள், எப்படி அழிப்பது என்று தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் கேளுங்கள், வாசிக்க மட்டும் கொடுக்காதீர்கள்.

இப்போதுதான் கேக் கடைக்குப் போய் ஓடர் கொடுத்துவிட்டு வந்தேன். முந்திரிகை சொல்லவில்லை. கடையில் நிற்கிற பிள்ளை துஷ்யா, கேக்கில் ஆருடைய பெயர் எழுத வேண்டும் என்று கேட்டாள். வழக்கம்போல அந்தோனியார் என்றேன். இந்த முறை வயதும் போட வேண்டும் என்றேன். எத்தனை என்றாள். அறுபத்துமூன்று என்றேன். அவள் எழுதிக்கொண்டு, அந்தோனி அங்கிளுக்குத் தன்னுடைய வாழ்த்தையும் சொல்லச் சொன்னாள். சொல்லுறன் பிள்ளை என்று சொல்லிவிட்டு வந்தேன்.